நேரு பிளேஸ் உஸ்தாத்கள்

டெஸ்க்டாப்பை நாமே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக்கொள்கிறோம். லேப்டாப்பையும் அப்படிச் செய்துகொண்டால் என்ன? கம்பெனி கட்டித் தருவதை அப்படியே வாங்குவதா, நம் விருப்பப்படி ஒன்றைச் சேர்ப்பதா? டெல்லியில் இந்தக் கேள்விக்கு விடை தேடுகிறவர்கள் வயலெட் லைன் மெட்ரோ பிடித்து நேரு பிளேஸில் இறங்க வேண்டும். அங்கே லேப்டாப் கட்டுகிறார்கள். ஆனால் புதுப் பாகங்களை வைத்து அல்ல, செத்துப்போன லேப்டாப்களை வைத்து.

ஏன் அப்படி என்பதற்குக் கொஞ்சம் பின்கதை உண்டு. 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையைக் கொண்டுவந்தது. போர்டில் திருகுத் துளை எங்கே, மின்சாரச் செருகி எங்கே என்பதெல்லாம் அதில் முடிவாகிவிட்டது. எந்தக் கம்பெனி மதர்போர்டும் எந்தக் கேபினெட்டிலும் உட்காரும். சென்னை ரிட்சி தெருவிலிருந்து டெல்லி வரை அசெம்பிள்டு பிசி வியாபாரம் வேர்விட அதுவும் ஒரு காரணம். லேப்டாப்புக்கு அப்படியொரு பொது அளவு அமையவே இல்லை. ராம், எஸ்எஸ்டி போன்ற சிலதான் பொது. மதர்போர்டும் விசிறியும் கீலும் அந்தந்த உடம்புக்கென்றே வெட்டப்பட்டவை. 2005 வாக்கில் பேட்டரி, கீபோர்டு, திரை போன்றவற்றையாவது பொதுவாக்கலாம் என்று இன்டெல் முயன்றது, நிலைக்கவில்லை. 2021இல் அமெரிக்காவில் பிரேம்வொர்க் என்ற நிறுவனம் கழற்றி மாட்டக்கூடிய லேப்டாப்பை விற்கத் தொடங்கியது. அருமையான முயற்சி, ஆனால் அதிலும் போர்டும் உடம்பும் பெரும்பாலும் அவர்கள் தந்ததுதான். சீனாவின் 51என்பி குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போய், பழைய திங்க்பேட் உடம்புக்குள் உட்காரும் புது மதர்போர்டையே வடிவமைத்தார்கள். அது பித்தர்களின் வேலை. எனக்கு அந்தப் பித்தின்மேல் பெரிய மரியாதை உண்டு.

கம்பெனி லேப்டாப் மட்டும் என்ன? மேலே ஒட்டியிருக்கும் பெயர் எதுவானாலும், உள்ளே பல நேரங்களில் குவாண்டா, காம்பல் போன்ற தைவான் நிறுவனங்கள் கட்டியதுதான். எல்லாமே யாரோ சேர்த்தவை. சேர்த்த கை எப்படிப்பட்டது என்பதே கேள்வி.

நேரு பிளேஸ் கைகளைப் பற்றிச் சொல்கிறேன். டெல்லி வளர்ச்சி ஆணையம் வணிக மையமாகத் திட்டமிட்டுக் கட்டிய வளாகம் இது. நடுவே வண்டி நுழையாத முற்றம், சுற்றிலும் சித்தார்த், மேகதூத், ஹேம்குந்த் என்று பெயர் தாங்கிய மாடிக் கட்டடங்கள். திருச்செந்தூருக்குப் பக்கத்து மூலைப்பொழியில் பிறந்த சிவ் நாடார், 1976இல் டெல்லியில் நண்பர்களோடு தொடங்கிய எச்.சி.எல்லின் முகவரி பிற்காலத்தில் இந்த சித்தார்த் கட்டடத்துக்கு வந்தது. கீழே துணிக்கடைகள், பிரிண்டர் மைக்காரர்கள், மெட்ரோ வாசலிலிருந்தே "லேப்டாப்? ரிப்பேர்?" என்று கூடவே நடந்துவரும் தரகர்கள். திருட்டு மென்பொருளுக்காக அமெரிக்க வணிகப் பிரதிநிதி அலுவலகத்தின் கெட்ட சந்தைப் பட்டியலிலும் இந்த இடம் ஏறியிருக்கிறது. அதெல்லாம் தரைத்தளத்துச் சத்தம். கலை இருப்பது மாடியில், ஒரு மேசையும் இரண்டு ஸ்டூலும் மட்டுமே கொள்ளும் அறைகளில்.

அங்கே லேப்டாப்பின் உடம்பை ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரித்துப் பேசுவார்கள். ஏ என்பது மூடியின் வெளிப்பக்கம், பி திரையைச் சுற்றிய சட்டம், சி கீபோர்டு பதிந்த மேல்தளம், டி அடித்தட்டு. ஒன்றின் ஏ உடைந்திருக்கும், இன்னொன்றின் போர்டு எரிந்திருக்கும். இரண்டையும் ஒன்றாக்கினால் ஒரு லேப்டாப் பிழைக்கும். தானம் தரும் பிணத்துக்கு டோனர் என்று பெயர். இதைச் செய்யப் பழகிய எந்தக் கையாலும் முடியும். போர்டுக்கு உயிர் கொடுப்பதுதான் உஸ்தாத், அதாவது கைதேர்ந்த ஆசான், செய்யும் வேலை.

அவர் முதலில் எடுப்பது ஸ்க்ரூடிரைவரை அல்ல. டிசி சப்ளையிலிருந்து 19 வோல்ட் கொடுத்துவிட்டு ஆம்பியர் எண்ணைப் பார்க்கிறார். பவர் பட்டனை அழுத்துமுன்பே எண் சடாரென்று எகிறினால் எங்கோ ஷார்ட். அழுத்தியதும் ஏறி, ஓரிடத்தில் நின்று, விழுந்து, மறுபடி ஏறினால் பயாஸ் சிப்பின்மேலோ ராமின்மேலோ சந்தேகம். அசையவே இல்லையென்றால் ஸ்டாண்ட்பை மின்சாரமே பிறக்கவில்லை. கச்சேரியில் முதல் பிடியிலேயே ராகத்தைச் சொல்லிவிடும் ரசிகரைப் போல, போர்டைத் தொடாமலே நோய் இருக்கும் வட்டாரத்தைச் சொல்லிவிடுகிறார்.

ஷார்ட்டைக் கண்டுபிடிக்கும் விதம் இன்னும் அழகு. வோல்டேஜை ஒரு வோல்ட் அளவுக்கு இறக்கி, கெட்ட வழித்தடத்தில் கொடுத்து, போர்டின்மேல் ஆல்கஹாலைத் தடவுகிறார். எங்கே ஈரம் முதலில் காய்கிறதோ அங்கே குற்றவாளி. பெரும்பாலும் ஓரிரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கபாசிட்டர். வெப்பத்தைக் காட்டும் கேமரா வைத்திருக்கும் கடைகளும் உண்டு. எனக்குக் காயும் ஆல்கஹாலைப் பார்ப்பதில்தான் சுகம். ஹாட் ஏர், கொஞ்சம் பிளக்ஸ், சாமணம். பொடியன் ஒருவன் பக்கத்தில் நின்று டோனர் போர்டிலிருந்து அதே மதிப்புள்ள கபாசிட்டரைப் பெயர்த்துக் கொடுக்கிறான். வடிவமைத்த கம்பெனி இதே கோளாறுக்கு முழு போர்டையும் மாற்றச் சொல்லியிருக்கும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் ரசிப்பது நியாயமில்லை. பிழைக்காத போர்டுகளுக்கு வடகிழக்கு டெல்லியின் சீலம்பூர்தான் வழக்கமான முடிவு. அங்கே கம்பியை எரித்துச் செம்பும், அமிலத்தில் தோய்த்து மற்ற உலோகங்களும் எடுக்கிறவர்களின் நுரையீரலும் கைகளும் இந்தச் சந்தையின் கணக்கில் வராத செலவு. 2023 ஏப்ரல் முதல் புதிய மின்கழிவு விதிகள் நடப்பில் உள்ளன. ஆனாலும் உஸ்தாத் பிழைக்கவைக்கும் ஒவ்வொரு போர்டும் அந்த நெருப்புக்குப் போவதைச் சில வருடமாவது தள்ளிப்போடுகிறது.

சரி, எதை வாங்குவது? மெல்லிய புது லேப்டாப்கள் பலவற்றில் ராமையே போர்டில் சால்டர் செய்துவிடுகிறார்கள். வாங்கும் நாளில் எடுக்கும் முடிவே இறுதி முடிவு. அலுவலக வாடகை முடிந்து வரும் லாட்டிட்யூட், எலைட்புக், திங்க்பேட் வகைகள் பல அப்படியல்ல. திறந்து பார்க்க வேண்டும் என்று நினைத்துக் கட்டியவை. என் தேர்வு 2018இல் வந்த திங்க்பேட் டி480. ராமுக்கு இரண்டு ஸ்லாட், உள்ளே ஒரு பேட்டரி, பின்னால் கழற்றக்கூடிய இன்னொன்று. வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே பின் பேட்டரியை மாற்றலாம். மங்கலான திரையோடு வந்ததை உஸ்தாத் எடுத்துவிட்டு நல்ல ஐபிஎஸ் பேனல் போட்டுத் தருவார். எட்டாம் தலைமுறை இன்டெல் என்றால் விண்டோஸ் 11ஐயும் முறைப்படி ஏற்கும். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டதால் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை, லினக்ஸ் பழகாதவர்கள் தவிர்ப்பது நல்லது.

வீடியோ எடிட்டிங்தான் பிழைப்பு, ஒருநாள் நின்றாலும் நஷ்டம் என்றால் கம்பெனி வாரண்டியோடு புதியதை வாங்குங்கள், அதில் வெட்கமில்லை. எழுத்து, கணக்கு, படிப்பு என்றால் பழைய உடம்பில் புது எஸ்எஸ்டியும் புது பேட்டரியும் போட்டு வாங்குவதே என் தீர்ப்பு. பணம் கொடுக்குமுன் பயாஸுக்குள் நுழைந்து, பழைய அலுவலகத்தின் பாஸ்வேர்டு பூட்டு இல்லையென்று உறுதிசெய்யுங்கள். சீரியல் எண் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுத்தால் அடுத்த கடைக்கு நடங்கள். வாசலில் கையைப் பிடித்து இழுப்பவர் பின்னால் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமையும் போகாதீர்கள், அன்று சந்தைக்கு விடுமுறை.