தடம் தேடுகிறவர்கள்

நாவலில் வந்த இடங்களைத் தேடிப் புறப்படுகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அவர்கள் தேடுவது நாவலையா, நாவல் பொய்யில்லை என்பதற்கான அத்தாட்சியையா?

ஜூல்ஸ் வெர்னின் ஃபிலியாஸ் ஃபாக் எண்பது நாளில் உலகைச் சுற்றிய வழியில் போனவர்கள் பலர். 1889 நவம்பரில் நியூயார்க்கை விட்ட நெல்லி பிளை 72 நாளில் திரும்பினாள். நடுவே கப்பலுக்காகக் கொழும்பில் ஐந்து நாள் காத்திருப்பு. ஃபாக் கப்பலேறியது கல்கத்தாவில். 1988இல் அவன் வழியில் வந்த மைக்கேல் பாலினோ பம்பாயிலிருந்து ரயிலில் சென்னைக்கு வந்து சரக்குக் கப்பல் பிடித்தார். இவர்கள் பின்தொடர்ந்தது ஃபாக்கை அல்ல, அவனுடைய கால அட்டவணையை. அவன் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற ஆளே இல்லை. சீட்டாடிக்கொண்டே உலகைக் கடக்கிறான். (நாள் முழுக்கப் பேரேட்டில் தலையைக் கொடுத்திருக்கும் எனக்கு அவன்மீது ஒருவகை மரியாதை உண்டு என்பது வேறு விஷயம்.)

ஆனால் வெர்ன் கெட்டிக்காரர். முடிந்துவிட்டதாகப் பத்திரிகையில் அச்சான ரயில்பாதை அலகாபாத்துக்கு ஐம்பது மைல் முன்னால் நின்றுபோகிறது. யானை வாங்கிக் காட்டுக்குள் இறங்குகிறார்கள். ஃபாக் முதன்முறையாக இன்னொரு உயிருக்காகத் தன் நேரத்தைச் செலவழிப்பது, உடன்கட்டை ஏற்றப்பட இருந்த அவுதாவை மீட்பது, எல்லாம் தண்டவாளம் இல்லாத அந்த ஐம்பது மைலில்தான்.

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) எனக்கு அந்த ஐம்பது மைலை நீட்டிப் போட்டதாகவே படுகிறது. சென்னாதேவியைக் காப்பாற்றத் தெலுங்கு தேசத்தை விட்டு ஓடிவரும் கூட்டத்தின் பயணத்தில் மைல்கல் கிடையாது. 137 வயசு மங்கத்தாயாரு அம்மாள் சொல்கிறாள்: பின்னால் துரத்தி வருகிறார்கள், முன்னால் ஆறு, மரம் ஒன்று வளைந்து கொடுக்கிறது, அக்கரை சேர்கிறார்கள். கோவில்பட்டியில் இறங்கி இடைசெவலுக்கு வழி கேட்கிறவர்கள் உண்டு. கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர், பார்க்கட்டும். ஆனால் அது கிருஷ்ணையா, பெண்ணையாறா என்று ஆராயத் தொடங்கினால் பாட்டி சொன்னது கைநழுவிப் போகும். தாங்கள் மட்டும் எப்படிப் பிழைத்தோம் என்ற கேள்விக்கு வந்து சேர்ந்தவர்கள் தங்களுக்கே சொல்லிக்கொண்ட பதில் அந்த மரம். அதற்கு நில அளவை எண் இராது.

தடம் வேண்டுமென்றால் வேறிடத்தில் இருக்கிறது. எங்கள் கவுண்டரில் தமிழில் பணம் எண்ணி வாங்கி, திரும்பிப் பெண்சாதியிடம் தெலுங்கில் கணக்கு ஒப்பிக்கிற சம்சாரியின் நாக்கில்.

நாவலில் எனக்கு மனத்தாங்கல் ஒன்று உண்டு. குடியேறிய பின் கதை விறுவிறுப்பை விட்டு, மனிதர்களை வரிசையாக நிறுத்தி அறிமுகம் செய்கிறது. அதுகூடப் பரவாயில்லை. தீ வைத்துக் காட்டை அழித்து நிலம் காணும் பகுதி பெருமிதத்தோடு கடந்துபோகிறது. அந்தக் காட்டில் அதற்கு முன்னால் யார் இருந்தார்கள்? ஆற்றின் பேர் கேட்டு வருகிறவர்கள் இதையும் ஒருதரம் கேட்டுப் பார்க்கலாம்.