புல்லட் இயந்திரமும் அமுக்க விகிதமும்

பழைய வார்ப்பிரும்புப் புல்லட் 350-ஐ வாங்கிய கையோடு அதன் ஹெட்டை லேத்துப் பட்டறையில் கொடுத்துச் சீவி, பிஸ்டன் உச்சிக்கு ஏறியபின் எஞ்சும் இடத்தைச் சுருக்கி, அமுக்க விகிதத்தை உயர்த்தி ஓட்டுவதில் நாகப்பட்டினத்து இளைஞர் சிலர் கொள்ளும் ஆர்வத்தை வெறும் படாடோபம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. தாழ்ந்த ஆக்டேன் பெட்ரோலை உத்தேசித்து ஏழுக்கும் கீழான விகிதத்தில் அமைந்த அந்த இயந்திரம், இன்றைய எரிபொருளின் சக்தியில் ஒரு பங்கை வீணே புகைக்குழாய் வழி அனுப்பிவிடுகிறது என்பது வாஸ்தவமே. ஆட்டோ சுழற்சியின் லட்சியக் கணக்கில், ஆறரை விகிதத்துக்கு 52.7 சதவீதமாயுள்ள வெப்பத்திறன் எட்டரையில் 57.5 ஆகிறது, இந்த லாபம் வேதாரண்யம் சாலையில் நிதானமாகப் போகையிலும் கைகூடும். சைலன்ஸரை மாற்றி ஊரை எழுப்புவோருக்கு இப்பேறு வாய்ப்பதில்லை.

ஆயினும் பத்தரைக்கு ஏறினாலும் அதே கணக்கு 61-ஐத் தொடுவதில்லை. லாபம் இளைக்க இளைக்க அபாயம் கொழுக்கிறது. தீச்சுடர் வந்து சேருமுன்பே, கடைசியாக எஞ்சிய கலவை அழுத்தத்தாலும் உஷ்ணத்தாலும் தானே வெடிப்பதுதான் இயந்திரம் ‘தட்டுவது’. அது நீடித்தால் பிஸ்டனின் விளிம்பு அரித்துப்போகும். முதல் உலகப்போரை அடுத்து ஹாரி ரிக்கார்டோ, ஓடும்போதே விகிதத்தை மாற்றக்கூடிய பரிசோதனை இயந்திரத்தைக் கொண்டு ஒவ்வோர் எரிபொருளும் தாங்கும் எல்லையை அளந்தார். நம்மவரோ, வேறோர் ஊரில் வேறொருவர் வண்டி தாங்கிய எண்ணை அப்படியே பிரதி செய்துகொள்கிறார்கள். பிரதானமான குறை இதுவே. பெங்களூர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே இருப்பதால் அங்கே காற்றின் அழுத்தம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே தட்டாத ஹெட் நாகையிலும் தட்டாது என்பதற்கு உத்தரவாதம் என்ன? கடற்காற்றின் ஈரம் தட்டலைச் சற்றுத் தணிக்கும்தான். ஆனால் வேளாங்கண்ணித் திருவிழா நெரிசலில் இருவரைச் சுமந்து, காற்றாலன்றிக் குளிராத சிலிண்டர் நின்று காய்கையில் அச்சலுகை எம்மட்டு?

இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஆக்டேன் 95 ஆகையால் இனிக் கவலையில்லை என்பதும் அவசர அபிப்பிராயமே. கார்புரேட்டர் ஜெட்டைப் பெரிதாக்காவிடில் கலவை மெலிந்து உஷ்ணம் ஏறும்; டாங்கியில் நீர் சேர்ந்தாலோ எத்தனால் அதனோடு அடியில் பிரிய, மேலே நிற்கும் பெட்ரோலின் ஆக்டேன் தாழ்ந்துபோகும்.

என் அபிப்பிராயத்தில், ஒற்றைப் பிளக் கொண்ட இரும்புச் சிலிண்டர் இயந்திரத்துக்கு எட்டு போதும். அதே 70 மில்லிமீட்டர் துளையும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட பிற்கால இயந்திரத்தில், அலுமினியச் சிலிண்டரும் இரட்டைப் பிளக்கும் வைத்த கம்பெனியே எட்டரையில்தான் நின்றது. பற்றவைப்பு நேரத்தைப் பின்னுக்கு நகர்த்தலாம். சீவிய உலோகத்தை மீண்டும் ஒட்டவைக்க வழியில்லை. ஆகவே பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துவாரம் மேலே வரும்படி இயந்திரத்தைச் சாய்த்து, மருந்துக்கடையில் வாங்கிய ஊசிக்குழலால் எண்ணெய் நிரப்பி, எவ்வளவு கொள்கிறதென்று சீவுமுன்னும் சீவியபின்னும் அளப்பது அவசியம். எட்டு விகிதத்துக்கு அது ஏறக்குறைய 49.5 கன சென்டிமீட்டர் கொள்ளவேண்டும்.