சிப்புக்குள் இருந்தால் மடி, டிஸ்கில் இருந்தால் தீட்டா?

எங்க தெருவில் ஒரு நெசவாளர் வீட்டுப் பையனின் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். எல்லாம் ஓடியது, வைஃபை மட்டும் வரவில்லை. டிரைவர் இருக்கு, ஃபர்ம்வேர் இல்லை. இணையத்தில் இருந்து இறக்கிக்கொள் என்றது திரை. இணையத்துக்குத்தானே வைஃபை? கடைசியில் என் போனை யூஎஸ்பி வயரில் மாட்டித்தான் வேலை முடிந்தது. "அங்கிள், விண்டோஸ்ல இது தானா வருமே" என்றான் பையன்.

வைஃபை சிப்புக்குள் ஒரு குட்டிக் கணினி உண்டு. அதில் ஓடும் நிரல்தான் ஃபர்ம்வேர். காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு பெட்டியைக் காட்டினால் போதும்: அட்டை மாட்டாவிட்டால் தறி ஓடும், பூ விழாது. சில சிப்புகளில் இந்த "அட்டை" உள்ளேயே பொறிக்கப்பட்டிருக்கும். பலவற்றில், இயக்கும் ஒவ்வொரு முறையும் டிரைவர் அதை டிஸ்கிலிருந்து ஏற்ற வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் அதன் மூலநிரலைத் தருவதில்லை.

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையோடு என் சண்டை இங்கேதான். அவர்களுடைய "ரெஸ்பெக்ட்ஸ் யுவர் ஃப்ரீடம்" சான்றிதழ் விதிகளின்படி, துணைச் சிப்புக்குள் நிரந்தரமாக இருக்கும் மூடிய நிரலுக்கு விலக்கு உண்டு. அதே மாதிரி நிரல் டிஸ்கிலிருந்து ஏறினால் ஆகாது. அட்டையைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்தால் சுதந்திரம், கையில் கொடுத்தால் அடிமைத்தனமா? 2017-இல் பிராட்காம் வைஃபை சிப்புகளில் "பிராட்ப்வன்" என்ற ஓட்டை வெளியானபோது, ஃபர்ம்வேரை மாற்ற முடிந்ததால்தான் அடைக்க முடிந்தது.

டெபியன் இதில் மெதுவாக இறங்கி வந்தது. 2011-இல் வந்த டெபியன் 6, மூடிய ஃபர்ம்வேரை கெர்னலில் இருந்து வெளியேற்றியது. 2022-இல் ஓட்டெடுப்பு நடத்தி, அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அப்படித்தான் வந்தது. சரியான முடிவு. ஆனால் 11 வருஷம் தாமதம்.

அதற்காகப் பிடிவாதக்காரர்களை நான் கிண்டல் செய்ய மாட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தவர்களால்தான் ஏதெரோஸ் 2008-இல் ஏத்9கே டிரைவரைத் திறந்தது. அந்த சிப்புகளுக்கு ஏற்றவேண்டிய ஃபர்ம்வேரே கிடையாது. அதன் யூஎஸ்பி வகைக்கான ஃபர்ம்வேர் மூலநிரலும் 2013-இல் வெளியானது. கேட்டால் கிடைக்கும்.

ஆனால் யாரிடம் கேட்பது? நிறுவி உருவாக்கும் தன்னார்வலர் கதவை மூடினால் சிப் கம்பெனிக்கு நஷ்டம் இல்லை. அந்தப் பையனுக்குத்தான் நஷ்டம். கேட்க வேண்டியது மொத்தமாக வாங்குபவர். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸும் இருந்தது. லட்சக்கணக்கில் வாங்கும் கைக்குப் பேரம் பேசும் பலம் உண்டு. "வைஃபை சிப்புக்குத் திறந்த டிரைவர், தடையின்றிப் பகிரக்கூடிய ஃபர்ம்வேர் வேண்டும்" என்று டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

சுத்தம் பார்க்க வேண்டிய இடம் அந்த டெண்டர்தான், பையனின் லேப்டாப் இல்லை.