நடுங்காத கோடு

பென் டேப்லெட்டைப் பிள்ளையின் கையில் கொடுக்கும்போதே, "கை நடுங்கினால் என்ன, மென்பொருளின் ஸ்டெபிலைசரைக் கூட்டி வைத்துக்கொள், கோடு தானே ஒழுங்காக விழும்" என்று உபதேசிப்பது இந்நாளில் ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. ஆரம்ப பயத்தைப் போக்குவதால் அது பெரும் உபகாரம் என்று வாதிப்போர் பலர். அபகாரம் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம்.

சாதனத்தின்மேல் எனக்கு விரோதமில்லை. 1850-இல் தோன்றிய சென்னை ஓவியப் பள்ளியை எட்ட வசதியற்ற மூங்கில்துறைப்பட்டுக் கரும்பு விவசாயியின் மகள், சில ஆயிரம் ரூபாய்ப் பலகையையும் இலவசமாகவே கிடைக்கும் கிரீட்டா மென்பொருளையும் கொண்டு வீட்டிலிருந்தபடியே வரையலாம். பேனாவின் அழுத்தத்துக்கேற்பக் கோடு தடிப்பதும் மெலிவதும் ஆச்சரியந்தான். கை மேசையிலும் கண் திரையிலுமாகப் பிரிந்து நிற்கும் அவஸ்தை சில வாரங்களில் தீரும். போட்ட கோட்டை மறுகணமே அழிக்கும் வசதியையும் மன்னிக்கலாம். அழிப்பவன் பிழையைக் கண்ணாலாவது பார்த்துவிடுகிறான்.

ஸ்டெபிலைசரோ பிழையைப் பார்க்கவே விடுவதில்லை. பேனா சென்ற புள்ளிகளையெல்லாம் சராசரி கண்டு, கைக்குச் சற்றுப் பின்தங்கி, தயக்கமும் திடீர்த் திருப்பமும் கழிந்துபோன ஒரு கோட்டை அது இழுத்துத் தருகிறது. அவள் ஊரிலுள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குப் போகும் வண்டியிலிருந்து விழுந்த ஒரு கரும்பைத் தோகையோடு எடுத்துவைத்து வரையச் சொல்லுங்கள். கணுவில் கோடு புடைத்து உடனே உள்வாங்க வேண்டும். தோகையின் விளிம்பில் கையை அறுக்கும் கூர்மை வேண்டும். நடுநரம்பு முறிந்து மடியுமிடத்தில் கோடும் ஒடிய வேண்டும். ஸ்டெபிலைசரைக் கூட்டிய திரையில் கணு வழுக்கி மறைகிறது, தோகை பட்டு நாடாவாகிறது. அதைக் கண்டு பிள்ளையும் ஆசிரியரும் ஒருசேர மகிழ்கிறார்கள்.

ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரைந்த சில்பியின் கோடு மட்டும் நடுங்கிற்றா என்று கேட்பார்கள். நடுங்கவில்லை, ஆனால் அந்த நிதானம் அப்பியாசத்தால் கைக்கு வந்தது, எங்கே வளைவது எங்கே ஒடிவது என்று ஒவ்வொரு கணமும் கண் இட்ட கட்டளையால் வந்தது. 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தில் உளி பிடிக்கப் பழகும் பையனுடைய வெட்டை யாரும் சராசரி கண்டு கொடுப்பதில்லை. மர ரேகையின் போக்கறியாமல் உளியை இறக்கினால் சில்லு பெயர்ந்து அவன் தவற்றை அங்கேயே காட்டிவிடுகிறது. திரையில் பழகுகிறவனுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

நாள் குறித்துப் படம் முடித்துக் கொடுக்கவேண்டிய தொழில் ஓவியர் ஸ்டெபிலைசரை உபயோகிக்கட்டும், அவர் கை ஏற்கெனவே பழகிய கை. பழகாத கைக்கு, குறைந்தது ஆறு மாதம், இதை அடியோடு நிறுத்திவைத்துக் கோணலாகவே வரையவிட வேண்டும் என்கிறேன். மனம் ஒடிந்து பலகையைப் பரணில் போட்டுவிடுவார்களே என்கிறார்கள். சிலர் போடுவார்கள்தான், போடட்டும்.