அளவும் அழகும்

2011-இல் வெளிவந்த ‘ஸ்கைரிம்’ கணினி விளையாட்டு 32 பிட் நிரல். விண்டோஸ் இத்தகைய நிரலுக்கு இயல்பாக அளிக்கும் நினைவக வெளி 2 கிகாபைட். உரிய அனுமதிக் குறி இட்டால், 64 பிட் விண்டோசில் 4 கிகாபைட். கணினியில் 16 கிகாபைட் இருந்தாலும் இவ்வரம்பு நகராது.

ஆர்வலர் சிலர் ‘மோட்’ எனப்படும் மாற்றங்களால் பழைய காட்சிகளுக்கு மெருகூட்டுகின்றனர். பக்கத்துக்கு 1024 புள்ளி கொண்ட கல்லின் படம், சுருக்காத நிலையில் 4 மெகாபைட் கொள்ளும். 4096 ஆக்கினால் 64 மெகாபைட். எல்லாக் கற்களையும் இவ்வாறு மாற்றினால் விளையாட்டே நின்றுவிடும். குறள் வெண்பாவில் எட்டாம் சீரைச் செருகினால் பொருள் பெருகாது, யாப்பே உடையும்.

கண் தங்கும் இடத்தில் நுணுக்கமும் தொலைமலையில் சிக்கனமும் காட்டும் மோடே கலை. 2016-இன் 64 பிட் மறுபதிப்பு இவ்வரம்பை அகற்றியது. ஆயினும் ஜெராமில் பழைய கணினியோடு அமரும் மாணவனுக்கு அளவறிதலே முதற்பாடம்.