ஸ்பேஸ்வாரில் திருவாதிரை

விண்கப்பல் கேம் செய்யப் பழகுகிற டீம்கள் பின்னணியில் வெள்ளைப் புள்ளிகளை இஷ்டத்துக்குத் தூவிவிடுகின்றன. 1962இல், எம்.ஐ.டி.யில் உருவான 'ஸ்பேஸ்வார்!' விளையாட்டில் ஸ்டீவ் ரஸ்ஸலும் முதலில் அதைத்தான் செய்தார். நண்பர் பீட்டர் சாம்சனுக்குப் பொறுக்கவில்லை. நிஜ நட்சத்திரங்களையே ஏற்றிவிட்டார். டான் எட்வர்ட்ஸ் சேர்த்த ஈர்ப்புவிசை ஆட்டத்தையே மாற்றியது. நட்சத்திரங்களோ ஒரு குண்டைக்கூடத் தடுக்காது. 'இதெல்லாம் எதுக்குப்பா?' என்று இன்றைய டீம் முதலில் வெட்டுவது இதைத்தான். எனக்கு சாம்சன் செய்ததுதான் பெரிசு. அவர் எடுத்தது வான நடுக்கோட்டுக்கு இருபுறமும் 22.5 பாகை. ஜவ்வாது மலையில், 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிற காவலூரில், அந்தப் பட்டை நம் தலைக்கு மேலேயே போகிறது. தை மாத இரவில் அண்ணாந்தால் திருவாதிரை. அந்தத் திரையிலும் அதே திருவாதிரை. கண்டபடி தூவிய வானத்தில் தோற்ற இடம் யாருக்கும் நினைவிருக்காது. இங்கே, 'திருவாதிரைக்குக் கீழதான்டா செத்தேன்' என்று சொல்லலாம்.