பிராங்கிளின் காட்டும் பென்சில்வேனியா

தன்வரலாறு எழுதுவோர் தம் காலத்தின் வரலாற்றையும் உடன் எழுதிவிடுகின்றனர். ஆயின், அக்காலத்தை அவர் நின்ற இடத்திலிருந்தே நாம் காண நேர்கிறது. பெஞ்சமின் பிராங்கிளினின் தன்வரலாறு இதற்குத் தக்க சான்று. 1771இல் தொடங்கிப் பல்லாண்டு இடைவெளிகளுடன் எழுதப்பெற்ற அந்நூலை, உழைப்பால் உயர்ந்த அச்சுத் தொழிலாளியின் கதையாகவே பலரும் அறிவர். அதன் பிற்பகுதியோ, அமெரிக்கப் புரட்சிக்கு முந்திய பென்சில்வேனியாவின் ஆட்சிமுறையைக் கூறும் அரிய ஏடு.

1681இல் மன்னர் இரண்டாம் சார்லஸ் அம்மாநிலத்தை வில்லியம் பென்னுக்கு உரிமையாக்கினார். பென் 1701இல் வழங்கிய உரிமைப் பட்டயம், ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பெறும் ஒரே அவைக்குச் சட்டமியற்றும் உரிமையை ஈந்தது. ஆளுநரின் இசைவும் வேண்டும். பின்னர் உரிமையாளரான பென்னின் மக்கள், தம் பரந்த நிலங்களுக்கு வரி விதிக்கும் சட்டத்துக்கு இசையலாகாது என ஆளுநரைக் கட்டுப்படுத்தினர். 1755இல் எல்லைப்புறம் போரில் அல்லலுற்றபோதும் இவ்வழக்கு ஓயவில்லை.

இப்பூசலைப் பிராங்கிளின் தெளிவாகவும் நகைச்சுவையோடும் வரைகிறார். போரை மறுக்கும் குவேக்கர் சமயத்தார் மிகுந்த அவை, வெடிமருந்துக்குப் பொருள் தர மனமின்றி, கோதுமையும் பிற தானியமும் வாங்கவென்று தொகை ஒதுக்கியது. அந்தப் ‘பிற தானியம்’ வெடிமருந்தே என ஆளுநர் பொருள் கொண்டார். கொள்கைக்கும் தேவைக்கும் இடையே அரசியல் எவ்வாறு வளைகிறது என்பதை நீண்ட விளக்கமும் இவ்வளவு நன்றாக உணர்த்தாது.

எனினும், ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைத்ததுபோல, உரிமையாளரின் குறை விரிகிறது. அவையின் குறை சுருங்குகிறது. கிழக்கிலிருந்த மூன்று கவுண்டிகளும் பிலடெல்பியா நகரும் 26 இடங்களைப் பெற்றிருக்க, மேற்கின் ஐந்து கவுண்டிகளுக்கு 10 இடங்களே இருந்தன. 1764இல் எல்லைப்புற மக்கள் இதனை எழுத்துவழி முறையிட்டனர். அம்முறையீட்டுக்கு முன், 1763 டிசம்பரில், பாக்ஸ்டன் கூட்டத்தார் குற்றமற்ற கானஸ்டோகா பழங்குடியினர் 20 பேரைக் கொன்றனர். அக்கொடுமையைப் பிராங்கிளின் தனி நூல் எழுதிக் கண்டித்தது அவர்தம் பெருமை. ஆயினும், கொடுமை செய்தோரின் குற்றம் பிரதிநிதித்துவக் குறையை இல்லையென்றாக்கிவிடாது.

1764இல், உரிமையாளர் ஆட்சியை நீக்கி மன்னரின் நேரடி ஆட்சியை வேண்டும் இயக்கத்துக்குப் பிராங்கிளின் தலைமை தாங்கினார். பட்டயம் தந்த உரிமைகளும் அதனோடு போய்விடலாம் என ஜான் டிக்கின்சன் எச்சரித்தார். அவ்வாண்டுத் தேர்தலில் பிராங்கிளின் தோற்றார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் மன்னராட்சியை உதறும் விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவரும் அவரே!

இத்திருப்பம் நூலில் இல்லை. வரி வழக்கு 1760இல் ஒருவாறு முடிந்த செய்தியோடு நூல் நின்றுவிடுகிறது. அவர் மறைத்தார் என்பது தகாது. முடிக்குமுன் 1790இல் மறைந்தார். ஆதலின், இந்நூலைக் கற்பிப்போர் 1764ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும். அறிஞரும் தவறான வழியில் தீர்வு தேடியதுண்டு என மாணவர் அறிவதால் பிராங்கிளின் சிறுமையுறார், வரலாறே தெளிவுறும்.